குசினி இல்லாத நாலு நாள்

லிஸ்பனில் நானும் மனிசியும் நாலு நாள் நின்றுவிட்டு வந்தோம். நடந்ததைச் சொல்ல இந்த ஒரு வரி போதும். ஆனால் அந்த நாலு நாளுக்காக சிட்னியில் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சமிக்காது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த ஆள். எங்கள் வென்ட்வேர்த்வில் ஸ்ரேசன் வரைக்கும் நடந்து போய்விட்டு, வீட்டைப் பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிறவன். வேலை ஒரு ஆஸ்பத்திரி ஸ்ரோரில். ஒரு பெட்டி பஞ்சு குறைந்தாலும் எனக்கு நெஞ்சு அடிக்கும். என் மனிசி ரஞ்சி அப்படி இல்லை. அவள் கதைப்பதே குறைவு. கதைத்தால் அது முடிவாகத்தான் இருக்கும்.

அம்மாவின் ஆண்டுத்திவசம் முடிந்த அடுத்த ஞாயிறு. என் அம்மா பதினொரு வருசம் எங்களோடு இருந்தவர். அதில் கடைசி ஆறு வருசம் படுக்கையில். பார்த்தது ரஞ்சி. நான் பார்த்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பில் இருந்த வேலையை விட்டுவிட்டு, என் அம்மாவைக் குளிப்பாட்டி, கஞ்சி தீத்தி, பிரட்டிப் படுக்க வைத்தவள் அவள்தான். அன்றைக்கு அவள் குசினி மேசையில் ஐரோப்பா வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, கையில் சிவப்புப் பேனையோடு கதிரையில் இருந்தாள்.

“எனக்கு நாலு நாள் வேணும்,” என்றாள். “நீங்களும் நானும் மட்டும். பழைய ஊர் ஒண்டு பாக்க வேணும். சமைக்கவெண்டு ஒருத்தற்ற குசினிக்குள்ளயும் நான் காலடி எடுத்து வைக்க மாட்டன்.”

எங்கள் ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் ஊர் பார்க்கப் பயணம் போகிறதில்லை. சொந்தம் பார்க்கத்தான் போகிறது. லண்டனுக்கு ஒருமுறை போனோம். ஒன்பது நாள். அந்தப் பெரிய மணிக்கூட்டுக் கோபுரத்தை ரஞ்சி பார்த்தது கார்க் கண்ணாடிக்கு உள்ளே இருந்து, அதுவும் சிவப்பு லைற் விழுந்த புண்ணியத்தில். மற்ற நேரமெல்லாம் என் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில், அவனுடைய மகளின் பிறந்தநாளுக்கு ரோல்ஸ் சுற்றினாள். ரொறன்ரோவுக்குப் போனபோது நீர்வீழ்ச்சி பார்க்கப் பதினாலு பேர் ஒரு வான் வண்டியில் ஏறினோம். பதினாலு பேருக்கும் இடியப்பப் புரியாணி கட்டிய களைப்பில் அவள் வானுக்குள்ளேயே நித்திரையாகிப் போனாள். எழுப்ப மனம் வராமல் நாங்கள் மட்டும் இறங்கிப் பார்த்தோம். அந்தப் படங்களை இன்றைக்கும் அவளுக்குக் காட்ட எனக்கு வெட்கம்.

ஆகவே சிவப்புப் பேனை. சொந்தம் இருக்கிற ஊரெல்லாம் வெட்டுப்பட்டது. ஒஸ்லோவில் சித்தப்பாவின் மகன், வெட்டு. டோட்முண்டில் அவளுடைய மாமி, வெட்டு. சூரிச்சில் இரண்டு பக்கத்திலும் சொந்தம், இரட்டை வெட்டு. பாரிஸை அவள் தாள் கிழியும்வரை கீறினாள். அங்கே என் அண்ணை இருக்கிறார். கடைசியில் படத்தின் மேற்கு மூலையில் கடலைப் பார்த்தபடி மிஞ்சிக் கிடந்தது லிஸ்பன்.

எங்கள் மகள் ஆரணி, சிட்னி நகரத்துக்குள் தனியாக இருக்கிறாள். பதிவெல்லாம் அவள்தான் செய்து தந்தாள். தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்கிற பிள்ளை, நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். “அம்மா, உங்களுக்கு ஒரு விசயம் தெரியுமா? குசினி, கதிரை, சப்பாத்து எல்லாம் அந்த ஊர்க்காரர் எங்கள் ஊரை ஆண்ட காலத்தில் எங்களிடம் விட்டுவிட்டுப் போன சொற்கள்தான்,” என்றாள்.

“குசினியும் அவங்கட சாமானோ,” என்றாள் ரஞ்சி. “அப்ப கொண்டு போய்த் திருப்பிக் குடுத்திட்டு வாறன்.”

அவள் ஒரு பட்டியல் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். முதல் நாள் ஆற்றங்கரை. இரண்டாம் நாள் நீலச் சித்திர ஓடுகள் வைத்திருக்கிற மியூசியம். மூன்றாம் நாள் கோட்டை. நாலாம் நாளுக்கு நேரே “சும்மா இருக்கிறது” என்று எழுதியிருந்தாள். கீழே எனக்கு ஒரு கட்டளை: ஒருவருக்கும் சொல்லக்கூடாது.

அன்றிலிருந்து எனக்கு அந்தரம் தொடங்கிவிட்டது. அந்த ஊர் முழுக்க மேடும் பள்ளமும், வீதியெல்லாம் வழுக்குக் கல் என்று படித்தேன். ரஞ்சிக்கு இடது முழங்காலில் நோவு. ட்ராமுக்குள் சட்டைப்பையில் கை விடுகிற கள்ளர் என்று படித்தேன். பாஸ்போட்டை வயிற்றில் கட்டுகிற பை ஒன்று வாங்கி, வீட்டுக்குள் கட்டிக்கொண்டு நடந்து பழகினேன். வெயிலா மழையா, தண்ணி குடிக்கலாமா, அவசரத்துக்கு எங்கே ஒதுங்குவது என்று ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்து ஒரு கொப்பியில் எழுதினேன்.

முழங்காலைப் பழக்குவதற்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் படி ஏறுவது என்று முடிவெடுத்தோம். ஒப்பரா மண்டபத்துப் படிகள் தோதானவை. இருபத்தாறு வருசமாக இந்த ஊரில் இருக்கிறோம், விருந்தாளி வந்தால் தவிர அந்தப் பக்கம் போனதில்லை. முதல் சனிக்கிழமையே தண்டவாள வேலை என்று ரெயினை நிற்பாட்டிவிட்டு, பதிலுக்குப் பஸ் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று போகிற பஸ். முன் சீற்றில் ஒரு லெபனான் கிழவர் சாரதியிடம், “தம்பி, நான் இந்த நாட்டுக்கு வந்த கப்பல்கூட இதைவிடக் கெதியாய் வந்தது,” என்றார். சாரதி, “கப்பலுக்குச் சிவப்பு லைற் இல்லை ஐயா,” என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் ஒரு தெரிந்த குரல் கேட்டது.

“எங்க ரெண்டு பேரும் வெளிக்கிட்டியள்?” மகேஸ் அன்ரி. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். அவருக்குத் தெரிந்தால் கோயிலுக்குத் தெரியும், கோயிலுக்குத் தெரிந்தால் நாலு கண்டத்துக்கும் தெரியும்.

“டொக்டரிட்ட அன்ரி,” என்றேன்.

“சனிக்கிழமையிலயோ? சிட்டிக்கோ?”

“முழங்கால் டொக்டர்,” என்றாள் ரஞ்சி, முகம் மாறாமல். அது ஒரு வகையில் உண்மைதான்.

ஒப்பரா மண்டபத்தடியில் அன்றைக்கு ரஞ்சி மூன்று முறை ஏறி இறங்கினாள். நான் ஒரு முறை ஏறிவிட்டு உச்சியில் இருந்து தண்ணிப் போத்தலைக் காத்தேன். இறங்கி வந்து இருவரும் வெறும் பெஞ்சில் இருந்து ஐஸ்கிறீம் குடித்தோம். “இது நல்லாயிருக்கு என்ன,” என்றாள். அவளை அப்படி வேலையில்லாமல் இருக்கப் பார்த்து எத்தனை வருசம் என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இப்படியே போயிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. கெடுத்தது நான்.

மெல்பேர்ணில் டார்னெய்ட் பக்கம் என் தங்கச்சி வதனி புது வீடு கட்டினாள். குடிபூரலுக்குப் போனோம். எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கிற தெரு. விசாலமான வரவேற்பறை, அழகான குசினி, ஆனால் புது அடுப்பில் எண்ணெய் தெறிக்கக்கூடாது என்று கராஜுக்குள் காஸ் அடுப்பு வைத்து வடை சுட்டார்கள். ஐந்து பெண்கள். பட்டுச் சீலையை மாற்றிவிட்டு உள்ளே போன ரஞ்சி பின்னேரம்தான் வெளியே வந்தாள். முன்னங்கையில் எண்ணெய் தெறித்து ஒரு நீளக் கொப்புளம். ஆண்கள் நாங்கள் பின்வளவில் கூடாரத்துக்குக் கீழே இருந்து, மெல்பேர்ண் குளிரா சிட்னிச் சூடா என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். வடை வந்துகொண்டே இருந்தது. நான் எட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் வதனி எங்களை எயார்போட்டில் கொண்டு வந்து விட்டாள். ரஞ்சி முன்னாலே போய்விட்டாள். நான் சூட்கேஸை இறக்கிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அந்நிய ஊரில் எங்களுக்கு ஒன்று நடந்தால்? ஆரணி சின்னப் பிள்ளை. எங்கள் ஆக்களில் ஆராவது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

“வதனி, ஒருத்தருக்கும் சொல்லாத,” என்று தொடங்கிச் சொல்லிவிட்டேன்.

“சத்தியமாச் சொல்ல மாட்டன் அண்ணா,” என்றாள்.

மெல்பேர்ணிலிருந்து சிட்னி ஒன்றரை மணித்தியாலம். இறங்கிப் போனைப் போட்டேன். பாரிஸ் நம்பரில் இருந்து ஐந்து அழைப்புத் தவறியிருந்தது.

என் அண்ணையைப் பற்றி ஒரு குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் நாட்டில் சண்டை நடந்த நேரத்தில் பாரிசுக்கு வந்து இறங்கிய பெடியளில் பாதிப்பேர் அவருடைய ஐந்தாம் மாடி வீட்டு ஹோலில்தான் முதல் நித்திரை கொண்டவர்கள். ரஞ்சி என்னை ஸ்பொன்சர் செய்து இங்கே எடுக்க முன்னம், நானும் அந்த ஹோலில் பத்து மாதம் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். எந்நேரம் போனாலும் சோறு இருக்கும். “சாப்பிட்டிட்டுப் போங்கோ” என்று சொல்லாமல் அண்ணை ஒருவரையும் படி இறங்க விட்டதில்லை. அந்தச் சோற்றைச் சமைத்தது அண்ணி. அந்தக் குசினிக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் லைற் போட்டால்தான் கறிச்சட்டி தெரியும். அதன் சுவிச்சும் விசர்த்தனமாகக் கதவுக்கு வெளியே இருக்கும். முப்பது வருசமாக அண்ணி அதற்குள்தான்.

சிட்னி எயார்போட்டில் சூட்கேஸ் வருகிற வளையத்துக்குப் பக்கத்தில் நின்று அழைப்பை எடுத்தேன். ரஞ்சி கொஞ்சம் தள்ளிச் சூட்கேஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டேய் குகன், ஐரோப்பாவுக்கு வாறியாம்.”

“ஓம் அண்ணை.”

“என்னட்டச் சொல்லாம.”

“ஓம்… இல்லை அண்ணை. சொல்லத்தான் இருந்தனான்.”

“அந்த ஊரில நாலு நாள் பாக்க என்னடா இருக்கு, கல்லும் சுவரும். ரெண்டு நாள் காணும். மற்ற ரெண்டு நாளும் இஞ்ச வாங்கோ. அண்ணி எல்லாம் செய்து வைப்பா, ரஞ்சியும் நிண்டா அவவுக்கும் உதவியாப் போகும். நான் ஒரு நாலு பேருக்குச் சொல்லி வைக்கிறன்.”

அண்ணையின் நாலு பேர் என்றால் நாற்பது பேர். எனக்குத் தெரியும். ஆனாலும் என் வாய்க்கு அவரிடம் சொல்ல ஒரே ஒரு சொல்தான் பழக்கம். “ஓம் அண்ணை,” என்றேன்.

சூட்கேஸ் வந்தது. “ஆர் போனில?” என்று ரஞ்சி கேட்டாள். “வேலையில இருந்து,” என்றேன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவளிடம் நான் சொன்ன பொய்கள் அத்தனையும் சின்னப் பொய்கள். இது அந்தக் கணக்கில் வராது என்று சொல்லும்போதே தெரிந்தது.

ஐந்து நாள் இந்தப் பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பாஸ்போட் பையைவிட அது இறுக்கியது. அவள் பக்கத்தில் வந்து, “மியூசியம் திங்கக்கிழமை பூட்டாம், நல்லகாலம் நாங்கள் போறது செவ்வாய்,” என்று சொல்லுவாள். நான் “ம்ம்” என்பேன். ட்ராமுக்கு எங்கே ரிக்கெற் எடுப்பது என்று கேட்பாள். நான் போனைத் தேடுகிற மாதிரி எழும்பிப் போய்விடுவேன். இல்லாத இரண்டு நாளுக்கு அவள் சப்பாத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் மகேஸ் அன்ரி கதவைத் தட்டினார். கையில் நாலு பக்கமும் ஒட்டு நாடா சுற்றிய பாசல்.

“முழங்கால் டொக்டர் லிஸ்பனிலயோ இருக்கிறார்?” என்று கேட்டுவிட்டு, பாசலை ரஞ்சியின் கையில் வைத்தார். “வறுத்த கறித்தூள். ரெண்டே ரெண்டு கிலோதான் பிள்ளை. பாரிசில என்ர மகளிட்டக் குடுத்தாச் சரி. நீங்கள் ரெண்டு நாள் அங்க நிக்கிறியளாமே.”

ரஞ்சி பாசலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “ஓம் அன்ரி, ரீ குடிச்சிட்டுப் போங்கோ,” என்றாள். அன்ரி ரீ குடித்து முடிக்கும்வரைக்கும் அவள் சிரித்த முகமாகவே இருந்தாள். நான் அந்த இருபது நிமிசமும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்ரி போன பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வதனியிடம் உளறியது, அண்ணையின் போன், நான் சொன்ன ஓம். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அவள் ஏசவில்லை. சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு பட்டியலுக்கு முன்னால் போய் நின்றாள். கோட்டையை வெட்டினாள். “சும்மா இருக்கிறது” என்ற வரிக்கு மேலே பேனையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதையும் வெட்டினாள்.

“அங்க எத்தினை பேருக்காம்?” என்று கேட்டாள்.

“என்ன?”

“எத்தினை பேருக்குச் சமைக்க வேணும் எண்டு கேட்டனான். உங்கட அண்ணி தனியச் செய்ய மாட்டா.”

கோபம் இல்லாத குரல். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் அறைக்குள் போனாள். பின்னால் போய்ப் பார்த்தேன். சூட்கேஸ் கட்டிலில் திறந்து கிடந்தது. புதுச் சப்பாத்தை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, வீட்டில் சமைக்கும்போது போடுகிற பழைய பூப்போட்ட சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கறை பிடித்த சட்டை. என் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிய காலத்திலிருந்து அவள் மேலில் இருக்கிற சட்டை.

அடுத்த நாள் வேலை முடிந்து ரெயினால் இறங்கி, வென்ட்வேர்த்வில் பிளாட்போமில் ஒரு பெஞ்சில் இருந்தேன். வீட்டில் வைத்து இந்த அழைப்பை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. பாரிசில் அப்போது காலமை, அண்ணை ரீ குடிக்கிற நேரம். மூன்று ரெயின் போகும்வரை நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாவது ரெயின் போன பிறகு அழுத்தினேன்.

“அண்ணை, நாங்கள் பாரிசுக்கு வரேல்லை.”

“ஏன், ரிக்கெற் இல்லையோ? நான் பாத்து…”

“ரிக்கெற் பிரச்சினை இல்லை. ரஞ்சி களைச்சுப் போனா அண்ணை. அம்மாவைப் பதினொரு வருசம் பாத்தது அவதான். அம்மா உங்களுக்கும் அம்மாதான்.”

“அப்ப என்ர வீட்டுக்கு வந்தா அவவுக்கு நான் வேலை வைக்கிறனோ?”

“நீங்கள் வைக்கேல்லை. ஆனா வேலை இருக்கும் அண்ணை.”

“பெரிய ஆளாப் போனாய். நல்லாயிரு,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஐம்பத்தெட்டு வயதில் அண்ணைக்கு நான் சொன்ன முதல் “இல்லை” அது. சந்தோசம் ஒன்றும் வரவில்லை. அந்த ஹோலும் நான் விரித்த பாயும்தான் கண்ணுக்குள் நின்றது. நன்றி கெட்டவன் என்றுதான் நினைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தேன். பாதி வழியில் போன் கிணுங்கியது. அண்ணியின் நம்பரில் இருந்து குரல் பதிவு. பின்னால் தண்ணிக் குழாய் திறந்து ஓடுகிற சத்தம், அதற்குள் அண்ணியின் தாழ்ந்த குரல்.

“தம்பி, நீங்கள் கதைச்சது கேட்டது. நல்லாச் சொன்னியள். உங்கட அந்த ஊருக்கு நான் ஒரு நாள் வரலாமோ? நான் முப்பது வருசமா பாரிசில இருக்கிறன். வாற ஆக்கள் எல்லாம் கோபுரம் பாத்திட்டு வந்து படம் காட்டுவினம், நான் பாத்ததில்லை. ரஞ்சியைக் கேட்டுச் சொல்லுங்கோ. அவவுக்கு விருப்பமில்லை எண்டா நான் குறை நினைக்க மாட்டன். அண்ணைக்கு நான் சொல்லுவன், நீங்கள் வாய் திறக்காதேங்கோ.”

இந்த முறை நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. வாசலில் சப்பாத்துக் கழற்ற முன்னமே ரஞ்சியின் கையில் போனைக் கொடுத்தேன். அவள் இரண்டு தரம் கேட்டாள். பிறகு அறைக்குள் போய்ப் பூப்போட்ட சட்டையைச் சூட்கேஸில் இருந்து எடுத்து அலுமாரிக்குள் எறிந்தாள். பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். நாலு நாளும் திரும்ப வந்தது.

“நாலாம் நாள் வரட்டும்,” என்றாள். “சும்மா இருக்கிறதுக்கு ரெண்டு பேர் எண்டா நல்லம். இப்ப நீங்கள் செய்யிற வேலை, இந்தத் தூளைக் கொண்டு போய் அன்ரியிட்டக் குடுங்கோ.”

கொடுத்தேன். “இந்த வயசில ஹனிமூனோ?” என்று அன்ரி கேட்டார். வந்த வேகத்திலேயே திரும்பி நடந்தேன். காது சுட்டது.

ஆனால் பயம் மட்டும் என்னை விடவில்லை, இரண்டு மடங்காகியது. அண்ணி இதுவரை தனியாகப் பிளேன் ஏறியதில்லை. அவர் வழி மாறிப் போனால்? அண்ணைக்கு விசயம் தெரிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்? லிஸ்பனில் இறங்கும்போது என் வயிற்றில் பாஸ்போட் பையும் கலக்கமும் சரிசமமாக இருந்தன.

முதல் நாளே பிழையான ட்ராமில் ஏறினோம். மஞ்சள் நிறப் பழைய ட்ராம், எங்கள் பரமற்றா பக்கத்துப் புது ட்ராமுக்குள் இதைப் போல மூன்றை நிற்பாட்டலாம். மேட்டில் ஏறும்போது முனகியது. நான் ஒரு கையால் கம்பியையும் மற்றக் கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற வயதான பெண் ஒருத்தி என்னைப் பார்த்து, “வயிற்று வலியா?” என்று இங்கிலிஷில் கேட்டாள். ரஞ்சி, “இல்லை, அவருக்கு அது பழக்கம்,” என்றாள். அந்தப் பெண் எங்களைச் சரியான தரிப்பில் இறக்கி, கையைப் பிடித்துத் தெருவைக் காட்டிவிட்டுத்தான் போனாள். இறங்கிப் பையைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. வீதியிலேயே மேசை. சுட்ட மீன், அவித்த உருளைக்கிழங்கு, ஒலிவ் எண்ணெய். எங்கள் ஊர்க் கருவாடு மாதிரி உப்புப் போட்டுக் காயவைத்த மீனில் செய்த ஒரு உருண்டையும் வந்தது. சாப்பாட்டுக் கோப்பையை ஒருவர் கொண்டு வந்து தனக்கு முன்னால் வைக்க, ரஞ்சி கை கட்டிக்கொண்டு இருந்து பார்த்தாள். எழும்பி உதவப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். எழும்பவில்லை. ஆறுதலாக, ஒவ்வொரு முள்ளாக எடுத்துச் சாப்பிட்டாள். “உப்புக் கொஞ்சம் கூட,” என்றாள். “ஆனா நான் போட்ட உப்பில்லை.”

இரண்டாம் நாள் நீல ஓடுகளுக்கு முன்னால் மூன்று மணித்தியாலம் நின்றாள். மூன்றாம் நாள் கோட்டை. முழங்கால் நோகவில்லை, ஒப்பராப் படிகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கல்லில் வழுக்கி விழுந்தது நான்.

நாலாம் நாள் காலமை, எயார்போட் வாசலில் அண்ணி நின்றார். கையில் ஒரு சின்னக் கைப்பை மட்டும். பாசல் இல்லை, சாப்பாட்டுப் பெட்டி இல்லை. கால் பாவாமல் நின்றது போல இருந்தது. ரஞ்சியைக் கண்டதும் இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிறகு எதற்கு அழுதோம் என்று சிரித்தார்கள்.

“அண்ணைக்குச் சொன்னியளோ அண்ணி?” என்று கேட்டேன். எனக்கு அதுதான் அவசரம்.

“எழுதி வச்சிட்டு வந்தனான். பிரிட்ஜ் கதவில ஒட்டிக் கிடக்கு. சோறு கறியும் உள்ளுக்குத்தான். கண்டிருப்பார்,” என்றார். பிறகு கைப்பையை மற்றக் கைக்கு மாற்றினார். “காணேல்லை எண்டா மத்தியானம் பசிக்கேக்க காணுவார்.”

மத்தியானம் ஆற்றைப் பார்த்த ஒரு மேட்டில் மூவரும் இருந்தோம். கஸ்ரட் வைத்துச் சுட்ட சின்னப் பலகாரம், கோப்பி. அண்ணி ஐந்தாவது துண்டைச் சாப்பிட்டுக்கொண்டே, “இதை எப்பிடிச் செய்யிறது எண்டு கேக்கப் போறதில்லை,” என்றார். ரஞ்சி விழுந்து விழுந்து சிரித்தாள். ட்ராம் ஒன்று வந்து நின்றது. எங்கே போகிற ட்ராம் என்று ஒருவரும் பார்க்கவில்லை. இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எழும்பிப் போய் ஏறிக்கொண்டார்கள்.

“ரஞ்சி, பாஸ்போட் என்னட்டக் கிடக்கு,” என்று கத்தினேன்.

“வச்சிருங்கோ. போட்டு வாறம்,” என்று ஜன்னலால் கை காட்டினாள்.

ட்ராம் வளைவில் மறைந்தது. எனக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அண்ணை. பிளாட்போமில் வைத்துக் கதைத்த பிறகு இதுதான் முதல் தரம்.

“டேய், உன்ர அண்ணி உன்னோடயோ?” குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. என் குரல் மாதிரியே இருந்தது. “விடியத்தொடக்கம் ஆளைக் காணேல்லை. கடைக்குப் போட்டா எண்டு ஹோலுக்க இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன். இவ்வளவு நேரமாச்சு. ஒண்டும் எழுதி வைக்கவுமில்லை.”

“எழுதி வச்சிருக்கிறா அண்ணை. நல்லா இருக்கிறா, பயப்பிடாதேங்கோ. பிரிட்ஜ் கதவில ஒட்டியிருக்காம். உங்களுக்குச் சாப்பாடும் அங்கதான்.”

“அங்கயோ.”

“குசினிக்குள்ள போய்ப் பாருங்கோ அண்ணை.”

அவர் எழும்பி நடக்கிற சத்தம் கேட்டது. ஐந்தாறு அடிதான், எனக்கு அந்த வீடு தெரியும். நின்றார். சுவரைக் கையால் தடவுகிற சத்தம். பிறகு திரும்பவும் தடவுகிற சத்தம்.

“ஒரே இருட்டாக் கிடக்கு,” என்றார் என் அண்ணை. “இந்த லைற் எங்கயடா போடுறது?”

“கதவுக்கு வெளியில அண்ணை,” என்றேன். “இடப்பக்கம்.”